எண்ணூறு வயதுக் கல்

ஒரே வாரத்தில் இரண்டு மதத்தையும் ஏமாற்ற ஒப்புக்கொண்ட ஆளை என்னவென்று சொல்வது? கல்தச்சரின் மனைவி நிறையச் சொன்னாள். அதில் அச்சில் ஏற்றக்கூடியது, "உங்களுக்கு வெட்கமே கிடையாதுங்க" என்பது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். அவர்கள் பட்டறைக்கு எதிரே முள் மண்டிக் கிடக்கிறது அரை ஏக்கர் காலி இடம். வட்டத்தைக் கும்பிடுகிறவர்கள் அது எங்கள் புனித பூமி என்றார்கள். முக்கோணத்தைக் கும்பிடுகிறவர்களும் அதையேதான் சொன்னார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு கடவுளும் இதுவரை வாய் திறக்கவில்லை.

போன தடவை இந்தச் சண்டை முற்றியபோது ஏழு பேர் செத்தார்கள். ஏழு பேருக்கும் கல்லறைக் கல் வெட்டியவர் கல்தச்சர்தான். அதில் ஒன்று அவருடைய சொந்தத் தம்பிக்கு.

இந்த முறை கோர்ட் ஒரு வழி சொன்னது. இரு தரப்பும் ஆளுக்கோர் இடத்தைக் காட்ட வேண்டும். தொல்லியல் அதிகாரி தோண்டிப் பார்ப்பார். யாருடைய அடையாளம் கிடைக்கிறதோ அவர்களுக்கு நிலம். தோற்கிற தரப்பு சும்மா இருக்காது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர்கள் இப்போதே ஷட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் வட்டத்தின் தலைவரான மருந்துக்கடைக்காரர்.

"அண்ணே, பழைய கல்லு மாதிரி ஒண்ணு வேணும். நடுவுல வட்டம் போட்டு" என்று குரலைத் தாழ்த்தினார். உண்மை மண்ணுக்குள்ளே இருக்கத்தான் இருக்கிறதாம். அவசரத்துக்கு அது கைக்கு அகப்படாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் இந்த ஏற்பாடாம்.

மறுநாள் முக்கோணத்தின் தலைவரான லாரி முதலாளி வந்தார். அவரும் கிட்டத்தட்ட அதையே சொல்லி, முக்கோணம் கேட்டார்.

கல்தச்சர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். இரண்டு கல்லையும் வெட்டி, முனைகளை மழுக்கி, மேலே கனமாகக் களிமண் அப்பி உருட்டிக் கொடுத்தார். மண்ணை உடைத்துப் பார்த்தால் பழைய களை போய்விடும், அப்படியே புதைத்துவிடுங்கள் என்று இருவரிடமும் சொன்னார். பக்தர்கள் ஆயிற்றே, கேள்வி கேட்காமல் நம்பினார்கள்.

தோண்டும் நாளன்று ஊரே கூடியது, போலீசும் கூடியது. கல்தச்சரின் மனைவி துணிமணிகளைப் பெட்டியில் கட்டி வாசலிலேயே வைத்திருந்தாள். கலவரம் ஆரம்பித்தால் பின்வழியாக அக்கா வீட்டுக்கு ஓடுவதாகத் திட்டம். பெட்டி முன்வாசலில் இருப்பது பதற்றத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

தொல்லியல் அதிகாரி சிரித்தே பழக்கமில்லாத ஒரு அம்மாள். மருந்துக்கடைக்காரர் காட்டிய இடத்தில் முதல் குழி தோண்டினார்கள். ஒரு முழ ஆழத்தில் மண்கட்டி ஒன்று வந்தது. அதிகாரி அதைத் தட்டி, பிரஷால் துடைத்தார்.

உள்ளே முக்கோணம்.

"இது மோசடி" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இடத்தைக் காட்டினது நீங்க. ஒரு வாரமா உங்க ஆளுங்கதான் இங்க காவல். மோசடின்னா யார் பண்ணினாங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மருந்துக்கடைக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

லாரி முதலாளி வானத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டார். அந்த ஆனந்தம் இரண்டாவது குழி வரைக்கும்தான். அவர் காட்டிய இடத்திலிருந்து வட்டம் வந்தது. அவரும் வாயைத் திறந்தார். பிறகு அதிகாரியின் பேனாவைப் பார்த்து மூடிக்கொண்டார்.

இரண்டு கல்லுக்கும் எண்ணூறு வயது, இரண்டு கூட்டமும் அன்றிலிருந்தே இங்கே ஒன்றாகத்தான் கும்பிட்டிருக்கிறது, நிலம் இருவருக்கும் பொது என்று கோர்ட்டுக்கு எழுதிய அறிக்கையை அதிகாரி அங்கேயே எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார். தலைவர்கள் இருவரும் சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல் கைகுலுக்கிக்கொண்டார்கள். கூட்டம் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, அடித்துக்கொள்ளக் காரணம் கிடைக்காமல் கலைந்தது.

பட்டறையில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுத் தொலைய வேண்டியதுதானே? இப்படியா மாத்திக் குடுப்பீங்க? ரெண்டு பேரும் சட்டையப் பிடிக்க வரப்போறாங்க."

"வரமாட்டாங்க. வந்து என்னன்னு கேப்பாங்க?" என்றார் கல்தச்சர். "தெரிஞ்சுதான் மாத்தினேன். இந்தத் தெருவுக்கு இன்னொரு கல்லறைக் கல்லு வெட்ட எனக்கு மனசுல தெம்பு இல்ல."

அவள் ஏதோ சொல்ல வந்து, வாசலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முழங்கை வரை மண்ணோடு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கல்தச்சர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். போலிக் கல் செய்தவனுக்கு எத்தனை வருஷம் போடுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"கை கழுவக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மனைவி செம்பில் மொண்டு வந்து ஊற்றினாள். அதிகாரி நிதானமாகக் கழுவினார், நகக்கண் வரை தேய்த்துக் கழுவினார். பிறகு கல்தச்சரைப் பார்த்து, சிரிக்காமலே சொன்னார்:

"இன்னொரு தடவை செய்யறதா இருந்தா, களிமண்ண நல்லாக் காய விட்டுக் குடுங்க. எண்ணூறு வருஷம்னு எழுதறதுக்குள்ள கையெல்லாம் ஒட்டிக்கிச்சு."