வாசல் பாய்

"மஜீது மரைக்காயர் அரிசிக் கிட்டங்கி வேலையை விட்டுட்டா வந்திருக்க? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்ற ஆள் எடுக்கும் சேதுபதி, எதிரே நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார். லாசரஸ் தலையைத் தூக்கவில்லை. துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"முதலாளி தங்கமான மனுஷருங்க. அவரைக் குத்தம் சொன்னா என் வாய் அழுகிப் போகும்."

"பின்னே?"

"மண்டோர் சரியில்லைங்க."

சேதுபதி சிரித்தார். "எந்தத் துறையில மண்டோர் சரியா இருந்தான்? கூலி ஆளை விரட்டி வேலை வாங்கத்தானே அவனை வச்சிருக்கு. திரும்பு, தோளைக் காட்டு."

சுமைக்காரனைச் சேர்க்குமுன் தோளைத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். தடவியவர் புருவத்தை உயர்த்தினார்.

"காய்ப்பு ஆறிக் கிடக்கே. எத்தனை நாளாச்சு சுமை தூக்கி?"

"ஒரு வருஷம் ஆகும்." தோளை இழுத்துக்கொண்டான். "ரெண்டு நாள்ல பழகிடுங்க."

"அப்படி என்னதான்டா பண்ணினான் உங்க மண்டோர்?"

லாசரஸ் மூட்டையைக் காலடியில் வைத்தான்.

"காய்ச்சல்னு வர்றவனுக்கு முதலாளி கிட்டங்கி வாசல்லயே பாய் போட்டு வச்சிருந்தாருங்க. போய்ப் படுத்துக்கலாம். அவர் வீட்டுலேருந்து கஞ்சி வரும். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. மண்டோர் அந்தப் பாயைச் சுருட்டி மூலையில வச்சுட்டான். பாய் கிடந்தா எல்லாப் பயலுக்கும் காய்ச்சல் வரும்னான்."

"முதலாளி பார்த்துக்கிட்டா இருந்தாரு?"

"அவர் நாகப்பட்டினம் போயிருந்தாரு. மண்டோரை நம்பித்தான் போனாரு. அவனும் மூட்டை தூக்கினவன்தானுங்க. முப்பது வயசுக்கு மேல எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டான். அதை மெச்சித்தான் அவர் அவனை மண்டோர் ஆக்கினாரு."

"கூட மூட்டை தூக்கினவனா? அப்போ இன்னும் மோசமாத்தான் இருப்பான்."

அந்தச் சொல் எங்கேயோ பட்டது போல லாசரஸ் கண்ணை மூடித் திறந்தான்.

"போன செவ்வாக்கிழமை, மூட்டை தூக்குற ஆம்ப்ரோஸ் வந்தான். உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. பாயைக் கேட்டான். நடிக்கிறியான்னு மண்டோர் பிரம்பால முதுகுல ஒண்ணு வச்சு, அரிசி மூட்டையை ஏத்தி விட்டான். படகுப் பலகையில பாதி தூரம்தான் வந்தான். படகுக்கும் கரைக்கும் நடுவுல விழுந்துட்டான். ஆறு நாளா ஆஸ்பத்திரியில கண்ணே திறக்கலைங்க."

"அடப்பாவி! முதலாளி வந்ததும் சொல்ல வேண்டியதுதானே?"

"நேத்துதான் கப்பல்ல வந்தாரு. வீட்டு வாசல் வரைக்கும் போனேன். நாக்கு எழும்பல." தரையைப் பார்த்துச் சொன்னான்: "கோயில்ல பூசை முடிஞ்சதும் ஆம்ப்ரோஸ் பெண்சாதி உர்சுலா என்னைத் தேடினா. தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

"ஒளிய வேண்டியவன் அந்த மண்டோர். நீ எதுக்குடா ஒளியுற?"

லாசரஸ் குனிந்து மூட்டையின் முடிச்சை இறுக்கினான். மனசில் ஈரமுள்ள ஆள் என்று சேதுபதி முடிவு கட்டினார். பேர்ப் புத்தகத்தை விரித்தார்.

"எழுத்து தெரியுமா? தெரிஞ்சா சொல்லு. இங்கேயும் ஒரு மண்டோர் வேணும். உன்னை மாதிரி ஒருத்தன் கிடைச்சா நல்லது."

"தெரியாதுங்க!" என்று அவசரமாகச் சொல்லி லாசரஸ் கட்டை விரலை நீட்டினான். "கூடையைக் குடுங்க, போதும்."

விரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தபோதே வெளியே மாட்டு வண்டி ஒன்று தடதடவென்று வந்து நின்றது. மரைக்காயரின் வண்டிக்காரர் நாகூர் கனி குதித்திறங்கி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"இங்கேயா இருக்கீங்க? சிராங்கூன் ரோடு பூரா சல்லடை போட்டுத் தேடியாச்சு! ஆம்ப்ரோஸ் கண் முழிச்சுட்டான். யாருடா உன்னைத் தூக்க வச்சதுன்னு முதலாளி பக்கத்துலயே உக்காந்து கேட்டாரு. நானாத்தான் தூக்கினேன், கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டான்."

சேதுபதி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாகூர் கனி குரலைத் தாழ்த்தினார்.

"பிரம்பைப் பத்தி அவன் மூச்சே விடல. வண்டியில ஏறுங்க, மண்டோரே."