ஒரே தடத்தில் இரண்டு

நோயாளியின் தலைமாட்டிலிருந்த அழைப்புப் பொத்தான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் அழுத்தவில்லை. அதற்குள் ஏதோ பழுது. கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு இன்டரப்ட் எனும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஓடிப்போய்ப் பதில் சொல்வதுதான் மானிட்டரை இயக்கும் மைய மென்பொருளான கெர்னலின் பிழைப்பு. ஓடி ஓடியே அது மூச்சுத் திணற, மானிட்டரின் திரை உறைந்து கிடந்தது. அந்த மென்பொருளை எழுதிய மெஹருன்னிசா, ஊருக்கு மறுகோடியிலிருந்த அலுவலகத்தில் தன் கணினி முன் உட்கார்ந்தபடியே, பொத்தானின் அழைப்பு வரும் தடத்தை மூடினாள். திரை அசைந்து, ஓர் எண்ணைக் காட்டியது.

“இப்பத்தான் மேடம் நிம்மதி,” என்றாள் போனில் நர்ஸ் ஸ்டெல்லா. “காலைலேர்ந்து ஒரே ரோதனை.”

தேநீரை எடுத்த மெஹருன்னிசா குடிக்காமல் கீழே வைத்தாள். மூச்சை எண்ணும் சென்சாரையும் அதே தடத்தில்தான் கோத்திருந்தார்கள். திறந்தால் பொத்தான் எல்லாவற்றையும் மறுபடி மூழ்கடிக்கும். திறக்காவிட்டால், மூச்சே நின்றாலும் கெர்னலுக்குத் தெரியாது. கடைசியாகக் கேட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

“சிஸ்டர், அவருக்கு மூச்சு வருதா?”

“வருதே மேடம். பதினாறு.”

“கொஞ்சம் முன்னாடி?”

“அப்பவும் பதினாறுதான். மாறவேயில்ல, நல்லா தூங்குறாரு.”

“ஸ்கிரீனைப் பாக்காதீங்க. அவரைப் பாருங்க.”

போனை எங்கோ வைக்கும் சத்தம். பிறகு ஒரு நாற்காலி விழுந்தது.

“சிஸ்டர்,” என்றாள் மெஹருன்னிசா. மறுபடியும், “சிஸ்டர்.”

அவள் திரையில் இன்னும் பதினாறு.