பார்த்துக்கொண்டிருக்கும்போது

தனியாக ஓடவிட்டால் அந்தக் கணினி நிரல் பதினோராவது நிமிடத்தில் செத்துப்போகும். காரணம் தெரிய, ஓடும் நிரலை அடியடியாகக் கவனிக்கும் கருவியை அதன்மேல் பூட்டினேன். அப்போது அது சாகவில்லை. கருவி போதவில்லையோ என்று நானே இன்னும் கொஞ்சம் கண்காணிப்பு வரிகள் எழுதி அதோடு சேர்த்தேன். நிரல் மெதுவாக ஓடியது, ஆனால் ஓடியது. மூன்று நாளாகிறது.

"டூல் வேகத்தக் கொறைக்குது, பிழை ஒளிஞ்சுக்குது. அவ்ளோதான் மச்சான்," என்றான் பக்கத்து இருக்கை இர்ஃபான். "டூலோட உன்னையும் பார்சல் கட்டி கஸ்டமருக்கு அனுப்பவா? கழட்டுடா, நாளைக்குக் குடுக்கணும்."

அவன் சொல்வது சரி. எனக்குத்தான் கழற்ற மனம் வரவில்லை. என் மனைவி மிருதுளா ஐசியுவில் இருந்த பதினாறு நாளும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ்தான், "போய் டீயாவது குடிச்சிட்டு வாங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பினார். திரும்பி வந்தபோது திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

கருவியைக் கழற்றும் கட்டளையை இர்ஃபானே குனிந்து அடித்துவைத்தான். "என்டர் மட்டும் தட்டு."

"கழட்டினாலும் நாம பாத்துட்டே இருந்தா?" என்று கேட்டேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் இன்னும் தட்டவில்லை.