வைரஸ் ஏறாத கம்ப்யூட்டர்

குளச்சலில் தனியாக வசித்த வியாகுலதாசனின் கம்ப்யூட்டர், மாதம் தவறாமல் வைரஸ் பிடித்துப் படுத்துவிடும். நாகர்கோவிலிலிருந்து மகன் ஷிபின் வந்து நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்வான். இந்த முறை பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அடியோடு அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினான்.

"அப்பா, உபுண்டு போட்டிருக்கேன்."

"அதென்னலே பேரு, புண்ணாக்கு மாதிரி?"

"பேரு கெடக்கட்டும். இதுல நம்ம ஊரு வைரஸ் ஒண்ணும் ஏறாது. இனி நான் மாசாமாசம் லீவு போட்டு ஓடி வராண்டாம்."

வியாகுலதாசன் திரையைக் கலக்கத்தோடு பார்த்தார்.

"எனக்கு இது பிடிபடாது மக்கா. பழசையே போட்டுத் தா."

"ரெண்டு நாள்ல பழகிரும்ப்பா. நான் எறங்கட்டா?"

"சாளை மீன் கறி வச்சிருக்கேன். சோறு உண்டுட்டுப் போ."

"இருக்கட்டும்ப்பா. கிறிஸ்மஸுக்கு வாறேன்."

பைக் சத்தம் தேய்ந்து மறைந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு நடந்தார். பையிலிருந்த பென்டிரைவை எடுத்துக் கடைக்காரர் ததேயுஸிடம் நீட்டினார்.

"ததேயு, நீ மாசாமாசம் இதுல ஏத்தித் தாற வைரஸ் இனி பலிக்காதாம். உபுண்டுவைக் கெடுக்க வல்லதும் உண்டாடே? எம்பய வீட்டுக்கு வராண்டாமா?"