மூக்காண்டி மீது ஒரு புகார்

“இன்னும் எத்தன தடவ வே நிப்பீரு?”

சங்கரசுப்பு கத்திய கத்தலில், மரத்திலிருந்த கருமந்திகள் நாலு கிளை தள்ளிப் போய் உட்கார்ந்தன.

வனத்துறை வாட்சர் மூக்காண்டி அசரவில்லை. குனிந்து தரையைக் காட்டினான். “பொறுங்க அண்ணாச்சி. இது மிளா மானோட குளம்புத் தடம். காலையிலதான் போயிருக்கு. எல்லாரும் உக்காந்து பாருங்க.”

“குளம்பப் பாக்கவா சங்கரன்கோவில்லேர்ந்து வேன் பிடிச்சு வந்தோம்?”

முண்டந்துறைக் காட்டில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கி, வாட்சர் துணையோடு நடந்து காடு பார்க்கும் பயணம் அது. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். சங்கரசுப்பு அங்கே ஒரு பஸ் கம்பெனியின் டைம் கீப்பர். வண்டி ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக வாட்சைப் பார்த்தே பிழைத்த மனிதரை, பர்லாங்குக்கு ஒரு தரம் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்!

காட்டு யானையைக் கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க வரும் என்று மூக்காண்டியே சொல்லியிருந்தான். இன்றைக்கு விட்டால் இல்லை. நாளைக் காலையில் வேன் கிளம்பிவிடும்.

மணி நாலே கால். அவர் மனைவி கோமதித்தாய் வேறு, ஒரு வேரில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, இப்பத்தான எந்திச்ச?”

“காலு கடுக்குதுங்க. ரெண்டு நிமிஷம்.”

“உன்ன யாரு வரச் சொன்னா? குற்றாலத்துக்குக் கூப்பிட்டாக்கூட வரமாட்ட. இந்தத் தடவ மட்டும் நானும் வாரேன்னு ஒத்தக்கால்ல நின்ன!”

அவள் பையிலிருந்த முறுக்கை எடுத்து எல்லோருக்கும் நீட்டினாள். அதைத் தின்று முடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் போயிற்று.

“விடுங்க அண்ணாச்சி. காடு எங்கயும் ஓடிராது” என்றார் பழக்கடை மைதீன் பாட்சா.

“காடு ஓடாது வே. யானை போயிரும்லா!”

அப்படியே ஆயிற்று. ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். மணலெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. யானை போட்ட லத்தியில் சூடு ஆறவில்லை. யானைக் கூட்டம் அக்கரை ஏறிப் போய்விட்டது.

“அந்த மேட்டுல ஏறினா தெரியும்லா?” சங்கரசுப்பு பாய்ந்தார்.

மூக்காண்டி குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்து நின்றான். “யாரும் ஏறக் கூடாது. ஏத்தம் ஆகாது அண்ணாச்சி.”

“யானைக்கு ஆகும், எனக்கு ஆகாதோ?”

அவன் விரித்த கையை இறக்கவில்லை.  வந்தது கோபமா, அழுகையா என்று சங்கரசுப்புவுக்கே தெரியவில்லை. இனி எப்போது லீவு கிடைத்து, எப்போது வரப் போகிறார்?

மறுநாள் காலை, வன விடுதியில் புகார் நோட்டைக் கேட்டு வாங்கினார். ‘வாட்சர் மூக்காண்டி நடக்கச் சோம்பல்படுகிறார். வேண்டுமென்றே தாமதப்படுத்தி, யானை பார்க்கவிடாமல் செய்தார். இவரை வேலையில் வைத்திருப்பது வீண்’ என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரத்தையும் மறக்காமல் குறித்தார்.

“அவன் தினக்கூலி ஆளு அண்ணாச்சி. நிப்பாட்டிருவாவ” என்றார் மைதீன் பாட்சா.

“லேட்டா வந்த டிரைவருக்கு நான் என்னிக்காவது பாவம் பாத்திருக்கனா?”

வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோமதித்தாய் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஜன்னலருகே மூக்காண்டி வந்து நின்றான்.

“அக்கா இல்லையா?”

“எதுக்கு?”

அவன் தயங்கினான். “நோட்டப் பாத்துட்டு ரேஞ்சர் கூப்பிடுதாவ. நான் வாரதுக்குள்ள நீங்க கெளம்பிருவீய.” மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். “மாத்திர. நடக்கையில ஆபத்துன்னா குடுக்கணும்னு மொத நாளே அக்கா எங்கிட்ட தந்து வச்சாவ. அவியகிட்ட சேத்துருங்க. நீங்க பிரிக்காண்டாம்.”

சொல்லிவிட்டு ஓடினான். மூன்று நாளில் அவன் ஓடி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சங்கரசுப்பு கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியானால் கோமதிக்குத்தான் ஏதோ நோவு. கால் கடுப்பு என்று சொன்னதெல்லாம் சாக்கு. அவளுக்காகத்தான் அவன் நின்று நின்று நடந்திருக்கிறான். அவளைப் போய் அத்தனை பேர் முன்னால் திட்டினோமே! என்ன வியாதி? எத்தனை நாளாக?

பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஆஸ்பத்திரி கவர். அதன் மேல் கம்பவுண்டரின் கையெழுத்து.

‘சங்கரசுப்பு, வயது 49. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் ஒன்று வைக்கவும்.’

போன மாதம் டாக்டர், “வெறும் வாய்வுதான், போங்க” என்று அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, கோமதித்தாயிடம் மட்டும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

வேனை விட்டு இறங்கி ரேஞ்சர் அறைக்குப் போனார். எழுதியதை அடித்தே ஆக வேண்டும்.

உள்ளே ரேஞ்சர் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏம்ப்பா, வந்தவங்கள எதுக்கு அப்படி நிறுத்தி நிறுத்திக் கூட்டிட்டுப் போன?”

மூக்காண்டி வாசலில் நின்ற சங்கரசுப்புவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“எனக்கு முட்டு வலி சார். அவிய எழுதுனது சரிதான்.”