துரை வீட்டுப் பங்கா

காஜா பெராங்கில் சிவஞானம் வாங்கிய வீடு விக்டோரியா மகாராணி காலத்தது. உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சாப்பாட்டு மேசைக்கு மேலே கயிற்றால் இழுத்து வீசும் துணிப் பங்கா. பழமை கெட்டுவிடும் என்று அவர் மின்விசிறி மாட்டவில்லை. பங்காவின் கயிறு சுவரில் இருந்த துளை வழியாகப் பின்கட்டு வராந்தாவுக்குப் போனது. துரை காலத்தில் அங்கே பாயில் உட்கார்ந்து ஒரு கூலியாள் இழுப்பாராம்; இப்போது அங்கே யாரும் இல்லை.

ஒருநாள் மனைவி தையல்நாயகியோடு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது பங்கா தானாக அசைந்தது.

“பாத்தியா, வீட்டுக்கே நம்ம தராதரம் தெரியுது.”

“காத்தா இருக்கும்ங்க.”

“துரை வீட்டுப் பங்கா. காத்துக்கெல்லாம் ஆடாது.”

மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திர நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. புதிய அரசு தரப்போகும் பட்டங்களில் ஒன்றுக்குத் தம் பெயரைச் சிபாரிசு செய்யக்கூடிய அதிகாரியைச் சிவஞானம் விருந்துக்கு அழைத்தார். பெரிய மனிதர் உட்கார்ந்தால் பங்கா தானாக வீசும் என்றும் சொல்லிவைத்தார்.

அதிகாரி வந்து அமர்ந்தார். தையல்நாயகி அடுப்படியில் நின்றாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். பங்கா அசையவில்லை. பிரியாணி முடிவதற்குள் அதிகாரியின் கோட்டு நனைந்துவிட்டது. “நல்ல வீடுதான்,” என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டே காரில் ஏறினார். பட்டத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

வேலையெல்லாம் முடித்து, மிஞ்சிய சோற்றோடு தையல்நாயகி மேசையில் தனியாக உட்கார்ந்தாள். பங்கா மெல்ல வீசத் தொடங்கியது. சிவஞானம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“போதும்ண்ணே, கை நோவும். வந்து சாப்பிடுங்க.”

பங்கா நின்றது. பின்கட்டில் யாரோ பாயை விட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.