ராக்காயியின் எழுத்து

ஏரி மண்ணை லாரிகள் அள்ளிப்போவதை, ஆடு மேய்த்துக்கொண்டே ஆறு மாதம் செல்போனில் படம் பிடித்திருந்தாள் ராக்காயி. மண் திருட்டுப் புகாரின் விசாரணையன்று, படங்களெல்லாம் அடங்கிய ஹார்ட் டிஸ்கை மகளிர் குழுச் செயலாளர் ரெஜினா அதிகாரியின் கணினியில் செருகினாள். திரையில் எதுவும் வரவில்லை.

“ஒண்ணுமே காட்டலையேம்மா. அடுத்த மாசம் வாங்க,” என்றார் அதிகாரி.

“அடுத்த மாசம் ஏரியே இருக்காது சார்,” என்றாள் ராக்காயி.

ரெஜினா பையிலிருந்த வேறு வயரை மாட்டினாள். டிஸ்கிலிருந்த சிறு விளக்கு எரிந்தது, திரையில் டிஸ்க் தெரியவில்லை. அதிகாரியிடம் கேட்டு மவுஸை வாங்கி, கணினிக்குள் டிஸ்குகளின் பட்டியலைத் திறந்தாள். அவர்களுடையதும் அதில் இருந்தது. மற்றவற்றுக்கு சி, டி என்று ஆளுக்கொரு ஆங்கில எழுத்து இருந்தது; இதற்கு மட்டும் இல்லை. அதனால்தான் வெளியே தெரியவில்லை.

“இதுக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து குடுக்கணும்க்கா. எதைக் குடுக்கட்டும்?”

ராக்காயி யோசிக்கவேயில்லை. “ஆர். எம் பேருக்கு மொத எழுத்து. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

ரெஜினா அதையே கொடுத்தாள். ஆர் டிஸ்க் திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வரிசையாக வந்து நின்றன. அதிகாரி பக்கத்து நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கம்மா,” என்றார்.

“நின்னுக்கிட்டேதான் எடுத்தேன் சார்,” என்றாள் ராக்காயி. “மொத படத்தப் போடுங்க.”